ஒரு மணி நேரம் முன்னதாக

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கையின் பதினொன்றாம் பக்கத்தில் பிறந்தது. மில்வாக்கியின் வடக்குப் பகுதியில், பழைய தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில் இயங்கும் ஒரு சிறிய அமைப்பில் பதினான்கு வருடங்களாக வேலை பார்க்கிறேன். கறுப்பின இளைஞர்களோடு, அதே தெருக்களில் வளர்ந்து ஒரு நிலைக்கு வந்துவிட்ட கறுப்பின ஆண்களைச் சேர்த்துவைப்பது அமைப்பின் வேலை. அதைப் பற்றி அழகாக எழுதுவது என் வேலை. வைதேகி என்ற பெயரைச் சொல்ல முயன்று மூன்று இயக்குநர்கள் தோற்றபின் அங்கே நான் மிஸ் வி.

நன்கொடையாளர்களுக்குப் போகும் அறிக்கையில் 'வெற்றிக் கதை' என்று ஒரு பக்கம் உண்டு. போன வருடம் அதற்கு நான் எழுதிய முதல் வரி:

"ஓமாரி டாலிவரின் கண்களுக்குள் ஒரு பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது."

நானூறு பிரதிகள், பளபளப்பான தாளில். ஏப்ரல் கடைசி வாரம் தபாலில் போய்விட்டன. அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அதன் கீழே வேறு எதையாவது எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ஓமாரிக்குப் பதினெட்டு வயது.

நிறுத்தினேன். இந்த ஊரில் 'பதினெட்டு வயதுக் கறுப்பினப் பையன்' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று கேட்பவர்கள் முகத்தை முன்கூட்டியே தயார்செய்துகொள்கிறார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் சாகவில்லை. யாரும் சாகவில்லை. அதற்காக வைத்திருக்கும் முகத்தை எடுத்துவிடுங்கள்.

2

வழிகாட்டியின் பெயர் அலோன்சோ பெட்வே. நாற்பத்தொரு வயது. பாலங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறியாளர். எங்கள் தேவாலயத்திலிருந்து நாலு தெரு தள்ளிப் பிறந்தவர். கைகளைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கும் படத்தை நகரப் பேருந்துகளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தோம். 'நான் வந்தேன். நீயும் வருவாய்.' வாசகம் என்னுடையது. முடிவெட்டும் கடைக்குள் அவர் நுழைந்தால், "வழி விடுங்கடா, பஸ்ஸு வருது" என்று நாற்காலிகளிலிருந்து குரல் எழும்பும். அவருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை ஓமாரி இருபது நிமிடம் தாமதமாக வந்தான். மேற்சட்டையின் தலைமூடியை எடுக்கவில்லை.

"பஸ்ல ஒட்டியிருக்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"நேர்ல கொஞ்சம் குள்ளமா இருக்கீங்க, மிஸ்டர் பி."

பெட்வே சிரித்துவிட்டார். எதிரே உட்காரச் சொன்னார். உனக்கு என்ன ஆசை என்று கேட்டார். அது படிவத்தில் முதல் கேள்வி. ஓமாரி தோளைக் குலுக்கினான். அப்புறம், ஏதோ தப்பு செய்தவனைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"டவுன்டவுன்ல ஆத்துமேல தூக்குற பாலம் இருக்குல்ல? மேல போக எழுபத்தெட்டு செகண்ட் ஆகுது. கீழ வரத் தொண்ணூத்தொண்ணு. நான் பல தடவை எண்ணியிருக்கேன். கீழ வர்றதுதானே சுலபம்? ஏன் லேட்டாகுது?"

பெட்வே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பதினாறு வருட வேலையில் அவரிடம் அப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்டதில்லை, அவர் மனைவிகூட. அன்று இரண்டு மணி நேரம் படிவத்தின் பின்பக்கத்தில் இருவரும் எடைக்கல்லும் பல்சக்கரமும் வரைந்துகொண்டிருந்தார்கள்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஓமாரியை நான் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரனாக்குகிறேனா? அறிக்கை எழுதி எழுதிக் கை அப்படிப் பழகிவிட்டது; அனுதாபத்துக்கு ஒரு தகுதிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அவன் கணக்கில் சுமார். படித்ததாகச் சொன்ன இரண்டு புத்தகங்களைப் படிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்று தட்டுக் கோழி இறக்கை சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தூங்கிப்போனான். பாலத்தைப் பற்றிய கேள்வியை அவன் கேட்டிராவிட்டாலும் மே பதினாலாம் தேதி நடந்தது நடந்திருக்கக் கூடாது.)

3

ஏழு மாதம் பாடம் நடந்தது. எந்த வாழ்க்கைக் கையேட்டிலும் இருப்பவைதான். பெரியவர்கள் வந்தால் எழுந்து நில். கண்ணைப் பார்த்துப் பேசு. முழு வாக்கியமாகப் பேசு. புரியாவிட்டால் மரியாதையாகக் காரணம் கேள். கூட்டத்தில் இருக்கும்போது போனைத் தொடாதே. எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போ.

"ஒரு மணி நேரமா? கதவே திறந்திருக்காதே, மிஸ்டர் பி."

"வெளியே நில்லு. மத்தவன் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா 'டிராபிக்'னு சொல்வாங்க. நீ வந்தா வேற பேர் சொல்வாங்க. எனக்குச் சொல்லியிருக்காங்க."

தன் பழைய கோட்டு ஒன்றைக் கொடுத்து, அளவுக்குத் தைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரம்தான் ஓமாரியின் அம்மா வெர்னெட்டா எங்கள் அலுவலகத்துக்கு முதல்முறையாக வந்தாள். முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். கோட்டு வைத்திருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்கமேல எனக்குக் கோபமில்லை, மிஸ்டர் பெட்வே. ஏழு மாசத்துல அவன் நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சிருக்கான். அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"அவனுக்கு ஏழு வயசு இருக்கும்போது நானும் சொல்லிக் குடுத்திருக்கேன். போலீஸ் நிறுத்தினா கீழ பாரு. கை ரெண்டும் தெரியிற மாதிரி வை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஏன்னு கேக்காத. நீங்க வந்து எல்லாத்தையும் தலைகீழா மாத்திட்டீங்க."

"அது வேற இடம்மா. இது வேலை கேட்டுப் போற இடம்."

"எது எந்த இடம்னு அவனுக்கு யாரு பலகை வச்சுக் காட்டுவாங்க?"

பெட்வே பதில் சொல்லவில்லை என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் சொன்னார். "நானும் ரெண்டையும் கத்துக்கிட்டுத்தான் வந்தேன். அவனும் கத்துக்குவான்." வெர்னெட்டா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோட்டை அவளே தைத்தாள்.

4

மே பதினாலு, செவ்வாய்க்கிழமை.

(இந்தப் பகுதியைப் பதினொரு தடவை எழுதிவிட்டேன். மழையை வைத்துத் தொடங்கினேன், அடித்தேன். காவல் வண்டியின் விளக்கை வைத்துத் தொடங்கினேன், அடித்தேன். இப்போது நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் சொல்கிறேன்.)

ஏரிக்கரைப் புறநகர் ஒன்றில் பாலங்கள் வடிவமைக்கும் நிறுவனம். கோடை முழுக்கச் சம்பளத்துடன் பயிற்சி. நன்றாகச் செய்தால் கல்லூரிச் செலவை ஏற்பார்கள். நேர்காணல் ஒன்பது மணிக்கு. ஓமாரி ஏழு ஐம்பதுக்கு அங்கே இறங்கிவிட்டான். கட்டடம் பூட்டியிருந்தது. எதிரில் சிறிய பூங்கா, அதில் ஒரு பெஞ்சு. தூறலில் நனையாமல் நேர்காணல் கடிதம் இருந்த உறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பூங்காவைச் சுற்றி வீடுகள். அவன் வீடுகளைப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு எதைப் பார்ப்பது?

எட்டு இருபதுக்குக் காவல் வண்டி ஒன்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஓமாரி பெட்வேக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. இரண்டாவது சுற்றில் மறுபடி செய்தான். எடுக்கவில்லை. வண்டி நின்றது. இருவர் இறங்கினார்கள்.

அவன் எழுந்து நின்றான்.

இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கண்ணைப் பார்த்து, முழு வாக்கியமாக, நேர்காணலுக்கு வந்திருக்கிறேன் என்றான். அந்த அலுவலகம்தான் பூட்டியிருக்கிறதே என்றார் ஒருவர். ஒன்பது மணிக்குத் திறப்பார்கள் என்றான். அடையாள அட்டை கேட்டார்கள். "எதுக்காகக் கேக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா, சார்?" என்றான். பிறகு, நேர்காணல் கடிதத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக் கையைக் கோட்டுக்குள் விட்டான்.

ஈரப் புல்லில் முகம் பதிய அவனைக் கிடத்தியபோது மூன்றாவது அழைப்பு போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கையில் இருந்த போனில் விரல் பட்டிருக்க வேண்டும். இருபது மைல் தள்ளி ஒரு கூட்ட அறையில் பெட்வேயின் சட்டைப்பையில் போன் மூன்றாம் முறையாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். பயல் பதறுகிறான், முடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் வைத்திருந்தார்கள். அதிகாரிக்கு ஒத்துழைக்கவில்லை, பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று இரண்டு குற்றம் எழுதி அனுப்பினார்கள். அறிக்கையின் நகலைப் பின்னால் நான் படித்தேன். 'சட்டென்று எழுந்து நின்றான்.' 'அதிகாரியை முறைத்துப் பார்த்தான்.' 'எதிர்க்கேள்வி கேட்டான்.' 'அந்த இடத்தில் இருக்க வேண்டிய நேரத்துக்கு வெகு முன்பாகவே இருந்தான்.' எழுதுவதையே தொழிலாகக் கொண்டவள் என்பதால் சொல்கிறேன்: அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

5

அன்று மாலை பெட்வே அவர்கள் வீட்டுக்குப் போனார். நான் முதலில் எழுதிய வடிவத்தில் அவர் பொய் சொல்வதாக வைத்திருந்தேன். போனில் சார்ஜ் போய்விட்டது என்று. அதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அப்படி எழுதாதீங்க, மிஸ் வி. நான் பொய் சொல்லலை. சொல்லியிருந்தாத் தேவலை."

நடந்தது இதுதான். ஓமாரி சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் சிராய்ப்பு. வெர்னெட்டா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள்; திரும்பவில்லை.

"நீ கூப்பிட்டதைப் பார்த்தேன். மீட்டிங்ல இருந்தேன். எடுக்கலை," என்றார் பெட்வே.

"நீங்கதானே சொன்னீங்க, மீட்டிங்ல போன் எடுக்கக் கூடாதுன்னு. சரிதான்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் பெட்வேயால் தாங்க முடியாமல் போனது.

"மிஸ்டர் பி, ஒண்ணு கேக்கட்டுமா? சீக்கிரமாப் போனேன். எழுந்து நின்னேன். கண்ணைப் பார்த்தேன். சத்தம் போடலை, மரியாதையாத்தான் கேட்டேன். இதுல எதை நான் தப்பா செஞ்சேன்?"

"எதையும் தப்பாச் செய்யலை."

"அப்போ நீங்க தப்பா சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லைடா…"

"ரெண்டும் இல்லேன்னா எப்படி?"

வெர்னெட்டா இரண்டு தட்டில் சோறும் பீன்ஸும் வைத்தாள். ஒன்றைப் பெட்வேக்கு முன்னால் தள்ளினாள். "சாப்பிட்டுப் போங்க," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நிறுவனம் கண்ணியமாக நடந்துகொண்டது. விசாரணை முடியட்டும், இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள். ஜூன் மாதம் நகராட்சி நீதிமன்றத்தில் விசாரணை. பெட்வே தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு சாட்சி சொல்லப் போனார். நானும் போயிருந்தேன். பத்து நிமிடம் பேசினார். பையனின் உழைப்பு, அந்தக் காலை, அந்தக் கடிதம்.  முடித்தபோது நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை.

"மிஸ்டர் பெட்வே, உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா இந்த ஊரே வேற மாதிரி இருக்கும். உங்க நேரத்துக்கு நன்றி."

பிறகு ஓமாரியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மத்தப் பசங்களுக்காவது சொல்லித்தர ஆள் இல்லேங்கிற சாக்கு இருக்கு. இப்படி ஒருத்தர் பக்கத்துல இருந்தும், ஒரு அதிகாரி கேள்வி கேட்டா எப்படி நடந்துக்கணும்னு நீ கத்துக்கலையே. உனக்கு அந்தச் சாக்கு கிடையாது."

ஒழுங்கீனத்தைத் தள்ளுபடி செய்தார். ஒத்துழையாமையை உறுதி செய்தார். பெட்வே எழுந்து, "ஐயா, நான் சொன்னது அதுக்கில்லை," என்றார். நன்றி சொல்லியாயிற்று என்றார் நீதிபதி.

மறுவாரம் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்படி வாழ்த்தியிருந்தார்கள்.

அதற்கடுத்த மூன்று சனிக்கிழமைகளும் பெட்வே அடித்தளத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாலாவது சனிக்கிழமை வெர்னெட்டா வந்து கோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு தடவை வெளுத்தும் முழங்கையில் புல் கறை போகவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்தான் சொன்னாள். பெட்வே உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும்.

6

இதுவரை நான் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவளைப் போலச் சொல்லிவந்திருக்கிறேன். பார்த்தவள் மட்டும்தான் என்றால் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. பதினொரு வருடமாக அங்கே இருக்கிறோம். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று போனோம். எங்கள் தெருக்காரர்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. காணாமல்போன பூனை, இலை அள்ளும் வண்டி வரும் நாள், இப்படி. மே பதினாலு காலை எட்டு பன்னிரண்டுக்கு அதில் ஒரு செய்தி வந்தது. "பூங்கா பெஞ்சில் கறுப்புக் கோட்டு போட்ட ஆள் ஒருவர் வெகுநேரமாக வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாருக்காவது தெரிந்தவரா? போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டேன்."

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்று ஓமாரிக்கு நேர்காணல் என்று எனக்குத் தெரியும். எந்தக் கட்டடம் என்று தெரியும். எத்தனை மணிக்கு வந்திருப்பான் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செய்தியில் இருந்தது ஓர் 'ஆள்'. எனக்குத் தெரிந்த ஓமாரி ஒரு பையன். இரண்டும் என் மனதில் ஒட்டவே இல்லை. நான் அந்தச் செய்தியின் கீழே…*

* இந்த வாக்கியத்தை மூன்று மாதமாக முடிக்காமல் வைத்திருந்தேன். முடிக்கிறேன். கட்டைவிரல் உயர்த்திய படத்தை அழுத்தினேன். எல்லாச் செய்திக்கும் அழுத்துவதுதான். என்னோடு சேர்த்துப் பதினாறு பேர் அழுத்தியிருந்தோம். பிறகு மகனுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டினேன்.

எட்டு இருபதுக்குத்தான் வண்டி வந்தது. எட்டு நிமிடம் இருந்தது. நடந்தால் என் வீட்டிலிருந்து நாலு நிமிடம்.

7

முடிவுகள்.

எங்கள் இயக்குநருக்கு வேண்டியது: ஐந்து வருடம் கழித்து ஓமாரி பொறியாளராகி, அதே பெஞ்சில் இன்னொரு பையனோடு உட்கார்ந்திருக்கிறான். எழுதிப் பார்த்தேன். மூன்று பத்தி சரசரவென்று வந்தது. கை அதற்குப் பழகியது. அழித்துவிட்டேன்.

பெட்வே விலகிவிடுகிறார். அப்படியும் இல்லை. சனிக்கிழமைகளில் இன்னும் வருகிறார். வேறொரு மாணவனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், கணக்கை மட்டும். எப்படி நிற்பது, எப்படிப் பார்ப்பது என்று அவன் கேட்டால், "அதை உங்கம்மாகிட்டக் கேளு" என்கிறார். முடிவெட்டும் கடையில் இப்போது யாரும் அவரைக் கிண்டல் செய்வதில்லையாம். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஓமாரி எடுத்தெறிந்து பேசுகிறான், கோபப்படுகிறான், ஊர்வலம் போகிறான். அதுவும் இல்லை. பொட்டலங்களை ஏற்றி இறக்கும் கிடங்கொன்றில் மதிய முறை வேலைக்குப் போகிறான். அக்டோபரில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கொஞ்சம் பருத்திருந்தான்.

"எப்படி இருக்கே, ஓமாரி?"

"ஓடுது, மிஸ் வி. வேலைக்கு லேட்டு. தினமும் லேட்டுதான்." சொல்லிச் சிரித்தான். "அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"பாலம் பத்தியெல்லாம்…"

"அதெல்லாம் இப்போ எண்றதில்லை."

அவன் கதையை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன். பேருந்து வருகிறதா என்று தெருவைப் பார்த்தான்.

"எழுதுங்க. ஆனா கடைசியில நான் இதுலேர்ந்து ஏதோ கத்துக்கிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. அந்த ஜட்ஜுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

"எழுத மாட்டேன்."

"புத்தகம் வந்தா எனக்கு ஒண்ணு குடுங்க. அம்மா படிப்பாங்க."

"தமிழ்ல எழுதறேன், ஓமாரி. என் மொழியில."

"அட, அப்போ என்னைக் கண்டபடி திட்டியிருந்தாலும் எனக்குத் தெரியாது!"

வாய்விட்டுச் சிரித்தான். அவன் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான்.

ஆங்கிலத்தில் எழுத எனக்கு நன்றாகவே வரும். அதுதான் என் பிழைப்பு. இதைத் தமிழில் எழுதியதற்கு மொழிப்பற்று காரணமில்லை. ஓமாரிக்கும் வெர்னெட்டாவுக்கும் பெட்வேக்கும் படிக்கத் தெரியாத ஒரு மொழி எனக்கு வேண்டியிருந்தது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. அவனிடம் நான் சொல்வதாக நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் நான் அழுகிறேன். அவன் என்னைத் தேற்றுகிறான். நாலையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஐந்தாவதை நீங்கள் எழுதுங்கள். அதில் அவன் என்னைத் தேற்ற வேண்டாம்.